அபூர்வமும் விலையும்: அமெரிக்கக் கூடைப்பந்து அட்டைகளின் வரலாறு

விளையாட்டு வீரரின் படத்தை ஒரு பக்கத்திலும் அவருடைய ஆட்டக் கணக்குகளை மறுபக்கத்திலும் அச்சிட்ட சிறு அட்டைகள், அமெரிக்காவில் முதலில் சிகரெட்டுப் பெட்டிகளோடும் பின்னர் பபிள்கம்மோடும் இலவச இணைப்பாக வந்து, சிறுவர்களின் சட்டைப்பைகளில் கசங்கிக் கிடந்தவை. அவற்றுள் பேஸ்பால் அட்டைகளுக்கே நீண்ட வரலாறும் பெரிய சந்தையும் இருந்தன; கூடைப்பந்து அட்டைகள் தாமதமாகப் பிறந்து, பலமுறை நின்று, பலமுறை தொடங்கியவை. இன்று அவற்றுள் சில பல லட்சம் டாலருக்கு ஏலம் போகின்றன. இந்த ஏற்றத்துக்கு வீரரின் திறமையையும் அட்டையின் அபூர்வத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் முக்கால் நூற்றாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், எது அபூர்வம் என்று அறிவிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே விலையின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானித்திருப்பது தெரியவரும்.

கூடைப்பந்து வீரர்களுக்கென்று வந்த முதல் பெரிய தொகுப்பை, ஃபிலடெல்ஃபியாவில் பபிள்கம் விற்ற போமன் நிறுவனம் 1948-இல் வெளியிட்டது. அதிலிருந்த 72 அட்டைகளுள் ஜார்ஜ் மைக்கனின் அட்டையே இன்று மிகவும் தேடப்படுகிறது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1957-58 பருவத்துக்காக டாப்ஸ் நிறுவனம் 80 அட்டைகளை வெளியிட்டது. பில் ரஸலின் முதல் அட்டை அதில்தான் இருக்கிறது. ஆயினும் விற்பனை நிறைவளிக்காததால் டாப்ஸ் பின்வாங்கியது. 1961-இல் ஃப்ளீர் நிறுவனம் வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், ஆஸ்கர் ராபர்ட்சன் ஆகியோரின் முதல் அட்டைகளை உள்ளடக்கிய 66 அட்டைகளின் தொகுப்பைக் கொண்டுவந்து, அதுவும் ஒரே பருவத்தோடு நிறுத்திக்கொண்டது. 1969-70இல் டாப்ஸ் வழக்கத்தைவிட உயரமான அட்டைகளோடு, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டரின் முதல் அட்டையையும் சேர்த்துத் திரும்பி வந்தது.

இக்காலத்து அட்டைகள் எவையும் அபூர்வமாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு அச்சிடப்படவில்லை. வாங்குவோர் குறைவாக இருந்ததும், வாங்கிய சிறுவர்கள் அவற்றை ரப்பர் பட்டையால் கட்டிவைத்ததும், வீடு மாறியபோது பெற்றோர் குப்பையில் எறிந்ததும், அச்சகத்தில் தாளை வெட்டியவர்கள் படம் நடுவில் விழுகிறதா என்று பார்க்காததும் சேர்ந்தே அவற்றை அரிதாக்கின. 1980-81 டாப்ஸ் தொகுப்பு இதற்கு வேடிக்கையான சான்று. ஒரே அட்டையில் மூன்று வீரர்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு, கிழித்துப் பிரிக்கும்படி இடையில் துளைக்கோடு போட்டிருந்தார்கள். அவ்வகையில் லாரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் முதல்முறையாகத் தோன்றிய அட்டையில் ஜூலியஸ் எர்விங்கும் இடம்பெற்றார். நிறுவனத்தின் யோசனைப்படி கிழித்த சிறுவர்கள் பின்னாளைய பெருமதிப்பைத் தங்கள் கையாலேயே அழித்தார்கள் என்பதும், கிழிக்காமல் சோம்பியிருந்தவர்களே பயனடைந்தார்கள் என்பதும் இந்தச் சந்தையின் இயல்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கின்றன.

1981-82 பருவத்தோடு டாப்ஸ் மீண்டும் விலகியது. அடுத்து வந்த சில ஆண்டுகளே கூடைப்பந்து அட்டை வணிகத்தின் பிற்காலத்தை வடிவமைத்தவை என்பதால் அவற்றை நிதானமாகப் பார்க்கவேண்டும். அந்த இடைவெளியில் ஸ்டார் என்ற சிறு நிறுவனம் அணி வாரியாக அட்டைகளை அச்சிட்டு, ஒளிபுகும் பைகளில் இட்டு, பெரும்பாலும் அட்டை வணிகர்கள் வழியாகவே விற்றது. மைக்கேல் ஜார்டன் சிகாகோ அணிக்காக ஆடத் தொடங்கிய 1984-85 பருவத்திலேயே, 101 என்ற எண்ணிட்ட அவருடைய அட்டை ஸ்டார் தொகுப்பில் வெளிவந்துவிட்டது. ஃப்ளீர் நிறுவனம் 132 அட்டைகளோடு 1986-இல் சந்தைக்குத் திரும்பியபோது ஜார்டன் இரண்டு பருவங்களை முடித்திருந்தார். அத்தொகுப்பின் 57ஆம் எண் அட்டை அவருடையது. நாடு முழுவதும் கடைகளில் விற்கும் தொகுப்பு நான்கு பருவங்களாக இல்லாததால், சார்ல்ஸ் பார்க்லி, ஹக்கீம் ஒலாஜுவான், கார்ல் மலோன், பேட்ரிக் யூயிங், ஐசையா தாமஸ் எனப் பல பருவங்களில் அறிமுகமானவர்களின் ‘ரூக்கி’ அட்டைகள், அதாவது முதல் அட்டைகள் என்று சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டவை, அந்த ஒரே தொகுப்பில் குவிந்தன.

ஸ்டார் அட்டை இரண்டு ஆண்டுகள் முந்தியது. எண்ணிக்கையில் மிகவும் குறைந்தது. அபூர்வமே விலையைத் தீர்மானிப்பதாயின் அதுவே உச்சத்தில் இருந்திருக்கவேண்டும். ஆனால் ஃப்ளீர் அட்டையே ஜார்டனின் அடையாளமாக நிலைபெற்றது. ஸ்டார் அட்டைகள் உறைகளில் கடைவீதிக்கு வராததால் அவற்றை முறையான ரூக்கி அட்டை என்று விலைக் கையேடுகள் ஏற்கத் தயங்கின. பிற்காலத்தில் அதே பெயரில் மறு அச்சுகள் புழக்கத்தில் கலந்துவிட்டன என்ற ஐயமும் நீடித்தது. சந்தையில் பெருமதிப்புப் பெற்ற தர மதிப்பீட்டு நிறுவனமான பி.எஸ்.ஏ. அவற்றை மதிப்பிட நெடுங்காலம் மறுத்து, 2022-இல்தான் ஏற்றுக்கொண்டது. ஆக, அட்டையின் அபூர்வம் மாறாதிருந்தும், அதற்குச் சான்று சொல்ல ஆள் இல்லாத காலத்தில் விலை தாழ்ந்தே இருந்தது.

சான்று சொல்வோருள் முதலில் வந்தவர் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர். 1970களில் வணிகர்களிடம் விலைகளைக் கேட்டுத் தொகுக்கத் தொடங்கிய அவர் 1984-இல் பேஸ்பால் அட்டைகளுக்கான மாத இதழையும், 1990-இல் கூடைப்பந்துக்குத் தனி இதழையும் நிறுவினார். ஒவ்வொரு அட்டைக்கும் குறைந்த விலை, உயர்ந்த விலை என்று இரண்டு எண்களும், விலை ஏறியதா இறங்கியதா என்பதைக் காட்டும் அம்புக்குறியும் அதில் இருந்தன. சந்தையில் நடந்ததைப் பதிவு செய்யவே இதழ் தோன்றியது என்றாலும், கடைக்காரரும் வாடிக்கையாளரும் அதைப் பிரித்துவைத்தே பேரம் பேசியதால், பதிவே விலையாக மாறியது. 1995-இல் தொடங்கிய இணைய ஏலத்தளமான ஈபே, முந்தைய நாள் விற்ற விலையை எவரும் பார்க்கும்படி செய்தபோதுதான் இதழின் ஆதிக்கம் தளர்ந்தது. ஒரு மாத இடைவெளியில் மாறிய விலைகள் ஒரு மணி நேரத்தில் மாறத் தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

இரண்டாவது சான்று தர மதிப்பீடு. அட்டையின் நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்த விதம் ஆகியவற்றைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, திறந்தால் தெரியும்படி பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடும் இந்தத் தொழிலை நாணயச் சேகரிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, 1991-இல் பி.எஸ்.ஏ. தொடங்கப்பட்டது. நேரில் பார்க்காமல் அட்டை வாங்குவதை இதுவே சாத்தியமாக்கியது. அதைவிட முக்கியமானது, எந்த அட்டைக்கு எந்த மதிப்பெண் எத்தனை முறை வழங்கப்பட்டது என்ற கணக்கை நிறுவனம் வெளியிட்டதால், அபூர்வம் முதன்முறையாக எண்ணத்தக்கதாயிற்று. 1986 ஃப்ளீர் ஜார்டன் அட்டை ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பொருள்தான். ஆனால் அதன் சிவப்பு, நீல ஓரங்களில் சிறு உராய்வும் வெண்மையாகத் தெரியும், வெட்டும் பல நேரம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும் என்பதால், 10 மதிப்பெண் பெற்றவை முந்நூற்றுச் சொச்சமே. கண்ணால் எளிதில் பிரித்தறிய முடியாத அந்த ஒரு மதிப்பெண் வேறுபாட்டுக்காக வாங்குவோர் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இங்கே விற்பனையாவது அட்டையா, அதன்மேல் ஒட்டிய எண்ணா என்று கேட்பது நியாயமே. பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பிட்ட புகழ்பெற்ற பேஸ்பால் அட்டையின் ஓரங்கள் முன்னரே செதுக்கப்பட்டிருந்தன என்று ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது இக்கேள்விக்கு வலுவூட்டியது.

இவ்விரு சான்றுகளுக்கும் இடையில் வெள்ளம் போல் ஒரு காலம் வந்து போயிற்று. பழைய அட்டைகள் விலை போவதைக் கண்டவர்கள் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேமிக்க, 1989-இல் ஹூப்ஸ், 1990-இல் ஸ்கைபாக்ஸ், 1991-இல் அப்பர் டெக் என நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கூடைப்பந்துக்குள் நுழைந்து அளவின்றி அச்சிட்டன. எல்லோரும் பத்திரமாக வைத்திருந்ததால் எதுவும் அரிதாகவில்லை. அக்காலத்துச் சாதாரண அட்டைகள் முப்பது ஆண்டுகள் கழித்தும் தாள் விலைக்கு மேல் போவதில்லை.

இந்தச் சரிவிலிருந்து நிறுவனங்கள் கற்றது, அபூர்வத்தைத் தாங்களே தயாரிக்கலாம் என்பது. டாப்ஸ் 1993-94இல் ஃபைனஸ்ட் தொகுப்பில், ஒளியை வானவில் நிறமாகச் சிதறடிக்கும் அட்டைகளைச் சாதாரண அட்டைகளுக்கு நடுவே அரிதாகக் கலந்து வைத்தது. 1997-98இல் ஃப்ளீரின் மெட்டல் யூனிவர்ஸ் தொகுப்பு தனி வகை ஒன்றில் வீரருக்கு நூறு அட்டைகளை மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து, முதல் பத்தைப் பச்சையாகவும் எஞ்சிய தொண்ணூறைச் சிவப்பாகவும் வெளியிட்டது. வீரர் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் துண்டைப் பதித்த அட்டைகளும் அதே ஆண்டுகளில் வந்தன. இப்போக்கின் உச்சம் 2003-04இல் அப்பர் டெக் வெளியிட்ட எக்ஸ்குவிசிட் தொகுப்பு. ஐந்தே அட்டைகள் கொண்ட பெட்டியின் விலை 500 டாலர் என்றபோது பலர் நகைத்தனர். லெப்ரான் ஜேம்ஸின் கையொப்பமும் சட்டைத் துண்டும் சேர்ந்த ரூக்கி அட்டை அதில் 99 மட்டுமே; அவருடைய சட்டை எண்ணுக்கு ஏற்ப 23 மட்டும் அச்சிட்ட இன்னொரு வடிவமும் இருந்தது. 23இல் ஒன்று 2020 ஜூலையில் 18.45 லட்சம் டாலருக்கும், 99இல் ஒன்று 2021 ஏப்ரலில் 52 லட்சம் டாலருக்கும் கைமாறின.

தற்செயலாக அரிதான பழைய அட்டைக்கும் திட்டமிட்டு அரிதாக்கிய புதிய அட்டைக்கும் விலை நகரும் விதம் வேறு. ரஸல், சேம்பர்லின் போன்றோரின் சாதனை முடிந்துபோனது. அவர்களின் அட்டை விலை பொருளாதாரச் சூழலையும் சேகரிப்பாளர் எண்ணிக்கையையும் சார்ந்து மெதுவாக அசைகிறது. ஆடிக்கொண்டிருக்கும் இளைஞரின் அட்டையை வாங்குபவரோ அவருடைய எதிர்காலத்தின்மீது பணம் கட்டுகிறார். எனவே ஒரு முழங்கால் காயமும், ஒரு இறுதிப்போட்டி வெற்றியும், வேறு அணிக்கு மாறும் செய்தியும் அன்றிரவே விலையில் தெரிகின்றன. 2012 பிப்ரவரியில் நியூயார்க் அணியில் எவரும் எதிர்பாராமல் ஒளிர்ந்த ஜெரமி லின்னின் அட்டைகள் சில நாட்களில் பன்மடங்கு உயர்ந்து, அந்த ஒளி மங்கியதும் இறங்கின. பருவம் தொடங்கும் அக்டோபரை ஒட்டி விலை ஏறுவதும், ஆட்டமில்லாத கோடையில் தளர்வதும் வணிகர்கள் ஆண்டுதோறும் காணும் வழக்கம். வெற்றிகளின் எண்ணிக்கை மட்டும் விலையாவதில்லை. கோபி பிரையன்ட்டும் டிம் டங்கனும் ஆளுக்கு ஐந்து முறை பட்டம் வென்றவர்கள்; எனினும் லாஸ் ஏஞ்சலிஸின் வெளிச்சத்தில் ஆடி, சீனா வரை ரசிகர்களைப் பெற்ற பிரையன்ட்டின் அட்டைகளை, சான் அன்டோனியோவில் ஆரவாரமின்றி ஆடிய டங்கனின் அட்டைகள் எட்டியதில்லை.

இந்த விசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்கியது 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில். ஜனவரி 26, 2020 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் பிரையன்ட் இறந்தார். மார்ச்சில் பெருந்தொற்றால் போட்டிகள் நின்றன. ஏப்ரலில் ஜார்டனின் கடைசி சிகாகோ பருவத்தைப் பற்றிய ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத்தொடர் வீட்டில் அடைந்திருந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அரசு வழங்கிய உதவித்தொகையும், செலவழிக்க வேறு வழியில்லாத சேமிப்பும், இளமைக்கால நினைவும் ஒரே பொருளை நோக்கித் திரும்பின. 10 மதிப்பெண் பெற்ற ஃப்ளீர் ஜார்டன் அட்டை 2021 ஜனவரி இறுதியில் 7.38 லட்சம் டாலரைத் தொட்டது. பி.எஸ்.ஏ.-வில் ஒரு கோடிக்கும் மேலான அட்டைகள் தேங்கிப்போக, மார்ச் இறுதியில் அந்நிறுவனம் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைகளுக்காகக் கைகலப்பு மூண்டு துப்பாக்கி எடுக்கப்பட்டதால், அந்நிறுவனம் தன் கடைகளில் அட்டை விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தியது. அதே ஆண்டு முடிவதற்குள் அதே மதிப்பெண் பெற்ற ஜார்டன் அட்டை உச்ச விலையின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மதிப்பிடப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. வாங்க வந்த கூட்டம்தான் கலைந்தது.

புதிய அட்டைகளுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. 2009 முதல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ.-வின் தனி உரிமத்தை வைத்திருந்த பானினி, 2012-இல் தொடங்கிய ப்ரிஸம் தொகுப்பைச் சந்தையின் மையமாக்கியிருந்தது. எத்தனை அச்சிட்டோம் என்பதை நிறுவனம் சொல்வதில்லை; தேங்கிய அட்டைகள் மதிப்பீடு முடிந்து திரும்பி வந்தபோதுதான், லூகா டான்சிச், சையன் வில்லியம்சன் ஆகியோரின் சாதாரண ப்ரிஸம் அட்டைகள் 10 மதிப்பெண்ணோடு பல ஆயிரம் இருப்பது கணக்கில் தெரிந்தது. வில்லியம்சனுக்கு அடிக்கடி நேர்ந்த காயங்களும் சேர, அரிதென்று நம்பி வாங்கியவர்கள் பெரும் இழப்போடு விற்றனர்.

இதற்கிடையே உரிமமே கைமாறியது. என்.பி.ஏ. அட்டைகளின் வருங்கால உரிமத்தை 2021-இல் பெற்ற ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் டாப்ஸை வாங்கியது. பானினி 2023-இல் அதன்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. 2025-26 பருவத்திலிருந்து அட்டைகள் மீண்டும் டாப்ஸ் பெயரில் வருகின்றன. அம்மாற்றத்துக்குச் சற்று முன், 2025 ஆகஸ்டில், ஜார்டனும் பிரையன்ட்டும் கையொப்பமிட்டு, இருவர் சட்டைகளின் என்.பி.ஏ. சின்னத் துணித்துண்டுகளையும் பதித்த 2007-08 எக்ஸ்குவிசிட் அட்டை, உலகில் அது ஒன்றே என்ற தகுதியோடு 1.29 கோடி டாலருக்கு ஏலம் போய், அதுவரை முதலிடத்தில் இருந்த மிக்கி மேன்டிலின் 1952 பேஸ்பால் அட்டையை முந்தியது. ப்ரிஸம் அட்டைகளோ என்.பி.ஏ. உரிமத்தோடு இனி அச்சாகாத பொருளாகிவிட்டன. ஆனால் முந்தைய ஆண்டுகளில் அச்சானவை சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் பிளாஸ்டிக் உறைகளுக்குள் பழுதின்றிப் பல்லாயிரக்கணக்கில் இருப்பதால், அச்சு நின்றது மட்டும் அவற்றை அரிதாக்கிவிடவில்லை.