கென்ட் நகரத்து மர வைத்தியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒஹையோ மாகாணத்தின் வடகிழக்குப் பாகத்தில், குயஹோகா நதியின் கரையில் இருக்கும் கென்ட் என்னும் சிறு நகரத்தை அங்குள்ளவர்கள் 'மர நகரம்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் அவ்வூரில் பிறந்தவரும் அல்லர், அந்நாட்டில் பிறந்தவரும் அல்லர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், சாமர்செட் சீமையில் ஒரு குடியானவர் வீட்டில் 1846-இல் பிறந்து, 1873-இல் கப்பலேறி அமெரிக்கா வந்து, சில வருஷங்கள் பல வேலைகளிலும் உழன்ற பின் கென்ட் நகரத்து மயானத்தைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, மரங்களுக்குச் சிகிச்சை செய்வதை ஒரு ஜீவனோபாயமாகவும் பிற்பாடு ஒரு பெரிய ஸ்தாபனமாகவும் ஆக்கிக்காட்டிய ஜான் டேவியே அவர்.

டேவியின் சரித்திரத்தை உழைப்பால் உயர்ந்த ஏழையின் கதையாகச் சொல்வதே வழக்கம். அது பொய்யல்ல, ஆனால் அந்தக் கதையை எந்த முதலாளியைப் பற்றியும் சொல்லிவிடலாம். மரத்தில் ஏறுவதற்கு அவரும் அவருடைய ஆட்களும் எதைக் கையில் எடுத்தார்கள், எதை ஒதுக்கினார்கள், மரத்தின் புண்ணில் எதை இட்டு அடைத்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால்தான், மரம் என்பதை அவர்கள் என்னவென்று கருதினார்கள் என்பதும், அந்தக் கருத்தில் எவ்வளவு நிலைத்தது, எவ்வளவு பிசகிப்போயிற்று என்பதும் நமக்கு விளங்கும்.

மரத்துக்கு வைத்தியம் என்ற எண்ணம் டேவிக்கு வெகுகாலம் முற்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் விருக்ஷாயுர்வேதத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு; நோய் கண்ட பாகத்தை ஆயுதத்தால் அகற்றிவிட்டு, வாய்விடங்கத்தையும் நெய்யையும் சேற்றோடு குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் விடும்படி அது விதிக்கிறது. இங்கிலாந்திலோ, ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்து அரசருடைய கென்ஸிங்டன் தோட்டத்துக்கு அதிகாரியான வில்லியம் பார்ஸைத் என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மருந்துக் களிம்பைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பிரகடனம் செய்தார். புதுச் சாணம் ஒரு மரக்கால் என்றால், பழங்கட்டடம் இடித்த சுண்ணாம்புக் காரை அரை மரக்கால், விறகுச் சாம்பல் அரை மரக்கால், மணல் மரக்காலில் பதினாறில் ஒரு பங்கு: இவ்வளவுதான் அந்த ரகசியம். போர்க்கப்பல்களுக்கு வேண்டிய ஓக் மரம் கிடைப்பது அருகிக்கொண்டு வந்த காலமாகையால், பொத்தல் விழுந்த மரத்தையும் பலகைக்கு உதவும்படி திருத்திவிடலாம் என்ற நப்பாசையில், சர்க்கார் அவருக்குப் பணம் கொடுத்து அதை 1791-இல் வெளியிடச் செய்தது. தாவர ஆராய்ச்சியில் பெயர்பெற்ற தாமஸ் ஆண்ட்ரூ நைட் போன்றவர்கள் அந்தக் களிம்பை எள்ளி நகையாடினார்கள். ஆயினும் மரத்தின் புண்ணுக்கு எதையாவது பூசவேண்டும் என்ற நம்பிக்கை மட்டும், பூசுகிற பொருள் மாறினாலும் தான் மாறாமல், இன்னும் இருநூறு வருஷம் ஆயுளோடு இருந்தது. மனிதனும் விலங்கும் புண்பட்டால் ஆறுவதைக் கண்டவர்கள், மரமும் அப்படித்தான் ஆறும் என்று கொண்டதில் ஆச்சரியமில்லை.

டேவிக்கு இளமையில் எழுத்தறிவு வாய்க்கவில்லை. இருபது வயதைத் தாண்டிய பிறகே, புதிய ஏற்பாட்டையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார் என்பர். டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் தோட்டக்கலை பயின்றவர் அவர். கண்ணும் கையும் தேர்ந்த பின்னரே ஏட்டுக்கு வந்தவர். ஒஹையோவில் முதலில் வாரன் என்ற ஊரில் இருந்து, 1880-களின் தொடக்கத்தில் கென்ட் நகரத்துக்கு வந்து, 'ஸ்டாண்டிங் ராக்' மயானத்தின் பொறுப்பை ஏற்றார். மயானம் என்றதும் நம் மனத்தில் தோன்றும் சித்திரத்தை இங்கே சற்று மறந்துவிட வேண்டும். அந்நாட்டில் அது புல்வெளியும் நிழல் மரங்களுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு உலாவும் உத்தியானமாகவே அமைக்கப்படுவது. அழகான மரத்தை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்க ஒரு தோட்டக்காரனுக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

ஒஹையோவின் வடகிழக்குப் பாகத்தில் முதன்முதல் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கனெக்டிகட் முதலான கீழ்த்திசை மாகாணத்தார். தங்கள் பழைய ஊர்களில் கண்டது போலவே இங்கும் வீதியின் இருமருங்கிலும் எல்ம், மேப்பிள் மரங்களை வைத்து வளர்த்தார்கள். டேவி வந்து சேர்ந்தபோது அந்த மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன; ஓங்கி வளர்ந்ததே அவற்றுக்கு வினையுமாயிற்று. கட்டிவைத்த குதிரைகள் பட்டையைக் கடித்தன. வீட்டுக்காரர்கள் மரம் 'அடங்கி' நிற்கவேண்டுமென்று உச்சியை மொட்டையாகத் துண்டித்தார்கள். தந்திக்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் இழுக்க வந்தவர்கள் இடைமறித்த கிளைகளைக் கண்டபடி வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளை அப்படியே விட்டுச் சென்றார்கள். அந்தக் கட்டைகள் உளுத்து, உளுப்பு அடிமரத்தின் உள்ளே இறங்கியது. அந்நியராய் வந்தவருக்கு இது உறுத்திற்று. பழகிய கண்ணுக்குப் படாத சீர்கேடு புதிதாக வந்தவன் கண்ணுக்கே முதலில் படுகிறது என்பதை டேவியைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி, கருவிகளுக்கு வருவோம். கம்பி இழுப்பவர்கள் மரத்தில் ஏறுவதற்குக் காலில் கட்டிய இரும்பு முட்களைப் பயன்படுத்தினார்கள். அது வேகமான வழிதான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பட்டையைத் துளைத்து, ஒவ்வொரு துளையையும் பூஞ்சணத்துக்கு வாயிலாகத் திறந்துவைக்கும் வழி. டேவியின் ஆட்கள் ஏணியையும் கயிற்றையும் நம்பினார்கள். பிலிப்பைன் தீவுகளில் விளையும், வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நாரில் முறுக்கிய மணிலாக் கயிறே இந்தத் தொழிலுக்கு ஆதாரம். கயிற்றை உயர்ந்ததொரு கவட்டின் மேல் போட்டு, ஒரு முனையை இடுப்பிலும் தொடையிலும் இருக்கை போலச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அதே முனையின் மிச்சத்தால், கீழே தொங்கும் மறுபாதியின் மேல் ஒரு முடிச்சைப் போட்டுக்கொள்வார்கள். பாரம் இருக்கிறவரை அந்த முடிச்சு இறுகிப் பிடிக்கும். கையால் தள்ளினால் நழுவிக் கொடுக்கும். இந்த ஒரு முடிச்சின் பலத்தில், கிளை நுனிவரை நடந்துபோய், ஏணி எட்டாத இடத்தில் கைவாளால் அறுத்துவிட்டு, மரத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கிவிடலாம். மரத்தைக் காக்க ஏறுகிறவன் அதைக் குத்தி ஏறலாகாது என்ற நியதி இந்தத் தொழிலில் இவ்வாறு வேரூன்றியது.

மரத்தின் மேல் இவ்வளவு பக்ஷம் வைத்தவர்கள் அதன் உள்ளே என்ன செய்தார்கள் என்பதுதான் விசித்திரம். உளுத்துப்போன பொந்தைக் கண்டால், உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உளுத்த மரத்தையெல்லாம் குடைந்தெடுத்து, நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி, உள்ளே தார் பூசி, சிமெண்டுக் கலவையை இட்டு நிரப்பி, மேற்பரப்பை வழவழவென்று பூசிவிடுவார்கள். பல் வைத்தியர் சொத்தைப் பல்லை அடைப்பதும் இதுவும் ஒரே முறைதான். காற்றில் அசையும் மரத்துக்குள் அசையாத சிமெண்டுத் தூண் நிற்குமானால் அது வெடித்துவிடும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு, சிமெண்டை அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குகளுக்கு நடுவே தார்க் காகிதம் வைத்தார்கள். பிளவுபட்ட கவடுகளை இரும்புக் கம்பியும் திருகாணியும் கொண்டு பிணைத்தார்கள். பொந்தில் நீர் தேங்காதபடி துளையிட்டுக் குழாய் பொருத்துவதும் உண்டு. வேலையின் நேர்த்தியைப் பற்றிக் குறைசொல்ல இடமில்லை. கொத்தனும் தச்சனும் கொல்லனும் ஒரு மரத்துக்குள் கூடிச் செய்த வேலை அது.

1901-இல் டேவி கடன்பட்டு 'மர வைத்தியர்' என்னும் தம்முடைய புத்தகத்தை வெளியிட்டார். நல்ல மரத்தையும் கெடுக்கப்பட்ட மரத்தையும் புகைப்படங்களாக எடுத்து அதில் நிறைய அச்சிட்டிருந்தார். 1909-இல் கம்பெனி முறைப்படி பதிவாயிற்று. அதையொட்டியே ஆட்களைப் பழக்குவதற்கு ஒரு பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. கூலிக்கு ஆள் பிடித்து மரமேற்றுவதை விட்டு, தாவர சாஸ்திரமும் பூச்சிகளின் இயல்பும் கற்பித்து அனுப்புவது என்ற இந்த ஏற்பாடுதான், சிமெண்டைவிடவும் அந்தக் கம்பெனியின் உண்மையான மூலதனம் என்பது என் அபிப்பிராயம். தகப்பனாருக்கு வியாபார சாமர்த்தியம் போதாது. மகன் மார்ட்டினுக்கோ அது தாராளமாக இருந்தது. அவர் கம்பெனியையும் வளர்த்து, அரசியலிலும் ஏறி, 1935 முதல் 1939 வரை ஒஹையோ மாகாணத்தின் கவர்னராகவும் இருந்தார். ஜான் டேவி 1923-இல் காலமானார்.

அவர் கண்ணை மூடிய ஏழு வருஷத்தில், அவர் நேசித்த எல்ம் மரங்களுக்கு ஐரோப்பாவிலிருந்தே எமன் வந்தான். மேற்பலகை இழைப்பதற்காகக் கப்பலில் தருவித்த எல்ம் கட்டைகளோடு வந்த பூஞ்சண நோய், 1930-இல் முதன்முதல் இனங்காணப்பட்டதும் ஒஹையோவில்தான். வண்டு சுமந்து பரப்பும் அந்த நோய்க்கு முன் உளி, தார், சிமெண்டு எல்லாமே வீண். வைத்தியம் கற்றவர்கள் ஆயிரக்கணக்கில் மரங்களை அறுத்துச் சாய்க்கும் தொழிலுக்கு இறங்கவேண்டியதாயிற்று.

அறுப்பதற்கு அப்போது யந்திரமும் வந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சார வாளும், 1929-இல் பெட்ரோல் வாளும் செய்தார். அவை இரண்டு ஆட்கள் பிடிக்கவேண்டிய சுமைகள், மரத்தின் மேல் கொண்டுபோகத் தக்கவை அல்ல. மரத்தைத் தின்னும் ஒரு வண்டின் புழு எப்படி இருபுறமும் தாடையை ஓட்டிக் கடிக்கிறது என்று உற்றுக் கவனித்த ஜோசப் காக்ஸ் என்னும் மரம்வெட்டி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அதே மாதிரிப் பற்கள் கொண்ட சங்கிலியை வகுத்தார். ஒரே ஆள் தூக்கும் வாள் அதன் பின்னரே பரவலாயிற்று. அந்த யுத்தம் கயிற்றையும் மாற்றிவிட்டது. 1942-இல் பிலிப்பைன் ஜப்பானியர் வசமானதும் மணிலா நாருக்குப் பஞ்சம் ஏற்பட்டு, நைலான் கயிறு முன்னுக்கு வந்தது. ஆனால் நைலான் பாரத்தில் நீளும். ஆள் ஏற ஏறக் கயிறு ரப்பரைப்போல இழுபட்டால் ஏறுவது எப்படி? ஆகவே மரமேறுவோர் நாளடைவில் நீட்சி குறைந்த பாலியெஸ்டருக்கு மாறிக்கொண்டார்கள்.

சிமெண்டின் கதையை முடித்தவர் அலெக்ஸ் ஷைகோ. 1959-இல் அமெரிக்க வன இலாகாவில் சேர்ந்த இந்த விஞ்ஞானி, குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணுவது என்ற பழைய சம்பிரதாயத்தை விட்டு, சங்கிலி வாளால் மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கான மரங்கள். பழைய புண்கள் ஆறவே இல்லை என்பதை அவர் கண்டார். விலங்கைப்போல மரம் கெட்ட திசுவைக் களைந்து அதே இடத்தில் புதிதாக வளர்ப்பதில்லை. கெட்ட பாகத்தைச் சுற்றி ரசாயன அரண்களை எழுப்பி அதை உள்ளேயே சிறைவைத்துவிட்டு, வெளிப்புறத்தில் புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. 1977-இல் ஹெரால்ட் மார்க்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சிற்றேடு, இந்த அரண்கள் நான்கு என்று வகுத்துக் காட்டிற்று. இதை ஒப்புக்கொண்டால், பொந்தை நல்ல மரம் தெரியும்வரை குடைவது என்பது மரம் அரும்பாடுபட்டுக் கட்டிய அரணை உளியால் இடிப்பதாகவே முடிகிறது. நீர் வடிக்கத் துளையிடுவதும் அதே அபசாரந்தான். தார் பூசுவதால் உளுப்பு நிற்கவில்லை. கிளையை அடிமரத்தோடு வழித்து அறுப்பது நேர்த்தி என்று கருதியதும் தவறு. கிளையின் அடியில் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்கவேண்டும். பல தலைமுறை மர வைத்தியர்களின் கைவேலையை ஒருவர் ஒரு வாளால் செல்லாக்காசாக்கினார். தொழிலில் இருந்தவர்கள் பலர் முதலில் சீறினார்கள், பிறகு இணங்கினார்கள். இன்று பொந்தைப் பொந்தாகவே விட்டுவிடுவார்கள். பழைய வீதிகளில் முதிய மேப்பிளை அறுக்க நேர்ந்தால் உள்ளே சிமெண்டு இருக்குமோ என்று அஞ்சி, சங்கிலி வாளை மெதுவாகவே இறக்குகிறார்கள். வாளின் பல் ஒருமுறை சிமெண்டில் பட்டால் அன்றைய சங்கிலி போயிற்று.

டேவியைப்போலத் தாய்நாட்டை விட்டு இந்தத் தொழிலோடு சஞ்சாரம் செய்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பிரிட்டனிலும் நியூஸிலாந்திலும் பழகியவர்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிரயாண மூட்டையைக் கவனித்தால் எதை முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பது தெரியும். பெட்ரோல் ஊறிய வாளை விமானத்தில் ஏற்றுவது தொல்லை. அது போன இடத்தில் முதலாளியிடம் கிடைத்துவிடும். இடுப்புக் கச்சையையும் கயிற்றையும் தலைக்கவசத்தையும் மட்டும் பிறரிடம் இரவல் வாங்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை. உடம்புக்குப் பொருந்திப் பழகிய கச்சை, தான் அறிந்த கயிறு, தான் அறிந்த முடிச்சு ஆகியவற்றின் மேல்தான் உயிர் தொங்குகிறது. கூடவே, ஜப்பானியர் செய்யும், இழுக்கும்போது அறுக்கும் கைவாள் ஒன்றும், சங்கிலி பட்டால் நார் பிரிந்து சிக்கி அதை நிறுத்திவிடும் கனத்த காற்சட்டையும் இருக்கும். இரும்பு முட்களும் சிலர் மூட்டையில் இருப்பதுண்டு; அவற்றை வெட்டிச் சாய்க்கப்போகிற மரத்தில் ஏறுவதற்கு மட்டுமே காலில் கட்டுவார்கள்.