பில்கிரிமும் பரதேசியும்

ஒரு பௌர்ணமி ராத்திரி, கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டி நடந்துக்கிட்டு இருந்தோம். முன்னால போன ஒரு அம்மா, வேடிக்கை பார்த்துப் பின்தங்கிட்ட மகனைப் பார்த்து "ஏண்டா பரதேசி மாதிரி சுத்துற, ஒழுங்கா கூட வா"ன்னு ஒரு அதட்டல். பக்கத்துலயே காவி கட்டின நாலஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அவங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்த வார்த்தையைத் தாராளமா புழங்குற ஆள் நான் :-)

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். 'பரதேசி'ன்னா வேற தேசத்துக்காரன், அவ்வளவுதான். திட்டெல்லாம் நாம பின்னால சேர்த்தது.

சரி, இங்கிலீஷ்காரன் எப்படின்னு பார்த்தா அவனும் நம்மாளுதான். 'எரர்' என்கிற வார்த்தைக்கு லத்தீன் மூலத்தில் 'அலைவது' என்றுதான் பொருள். 'எக்ஸ்ட்ராவேகன்ட்' என்றால் எல்லைக்கு வெளியே அலைவது, இப்போ ஊதாரித்தனம். 'டெலிரியம்' இன்னும் சுவாரசியம். 'லிரா' என்றால் உழவுச்சால். ஏர் சாலை விட்டு விலகினால் டெலிரியம், அதாவது புத்தி பேதலிப்பு! நாம மட்டும் என்ன? வழி தவறுறதும் தவறுதான், கணக்குல விடுறதும் தவறுதான். பால் கெட்டா 'திரிஞ்சு போச்சு'ங்கறோம்.

நடந்துக்கிட்டே இருக்கிறவன் மேல ஒரே இடத்துல இருக்கிறவனுக்கு எப்பவும் ஒரு சந்தேகம். அது வார்த்தையோட நிக்கலை, சட்டமாவும் ஆச்சு. இங்கிலாந்தில் 1824-ல் வந்த வேக்ரன்சி சட்டம், பிழைக்க வழி காட்ட முடியாம ஊர் சுற்றி, கண்ட இடத்தில் படுத்தவனைச் சிறையில் தள்ளியது. இந்தியாவில் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராப் போய் வியாபாரம் பண்ணின எத்தனையோ சமூகங்கள், பிறந்ததுக்காகவே போலீஸ் பதிவேட்டில் ஏறினாங்க. நாடு முழுக்க அது ஒழிஞ்சது 1952-ல்தான்.

இதுக்கு நடுவுல தப்பிப் பிழைச்ச ஒரே வார்த்தை 'பில்கிரிம்'. அதோட மூலம் 'பெரிக்ரினஸ்'. ரோமாபுரிச் சட்டத்தில், ரோமக் குடியுரிமை இல்லாத வெளியாளுக்கு அதுதான் பேர். அச்சு அசல் பரதேசி! கோயில் குளம்னு நடந்தவங்களோட சேர்ந்து அந்த வார்த்தைக்கும் புண்ணியம் ஒட்டிக்கிச்சு. அங்கே பரதேசி யாத்ரீகன் ஆனான். இங்கே யாத்ரீகனையே பரதேசி என்று திட்டினோம்.

இந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த பரதேசி ஒருத்தர் உண்டே. 1896 ஆகஸ்ட் 29, மதுரையில் 16 வயசுப் பையன் வேங்கடராமன், அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 5 ரூபாயில் மூணை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினான். கையில் கிடைச்ச அட்லஸ் பழசு. அதை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்தில் மாறணும்னு ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிஞ்சது. மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் வண்டி. அப்புறம் அறையணிநல்லூருக்கு நடை. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வெச்சான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. லத்தீன்காரன் பாஷையில் சொன்னா பயணம் முழுக்க 'எரர்'தான்.

வந்த புதுசில் ஊர் எப்படி வரவேற்றது? ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவர் மேல பசங்க கல்லெறிஞ்சாங்க. பாதாள லிங்கத்துக்குள்ள போய் இருட்டுல உட்கார்ந்தும் விடலை. 'ரமண மகரிஷி' என்கிற பேரெல்லாம் பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு வந்தது. அதுவரைக்கும் அவரும் ஒரு பரதேசிதான்.

14 கிலோமீட்டர் சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்றோம். அதுக்கு நமக்குக் கிடைக்கிற பேர் பக்தர். பாதையோரம் உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் வேற பேர். அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் அந்த வார்த்தையைத் திட்டுறதுக்குப் புழங்குறதை நிறுத்திட்டேன். நாக்கு இன்னும் பழகலை, அதுவும் பழகிடும்.