திரிஞ்ச பாலும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும்

பால் திரிஞ்சா நாம முகம் சுளிப்போம். இங்கிலாந்துல பல நூற்றாண்டுகளா வேணும்னே திரிய வெச்சு, அதைக் காய்ச்சல்காரங்களுக்குக் கொடுத்திருக்காங்க. பேரு பாஸெட்.

விஷயம் சிம்பிள். சூடான பால்ல ஒயினோ, 'ஏல்'ங்கிற பீரோ ஊத்தணும். திரிஞ்சதும் சர்க்கரை, பட்டை, ஜாதிக்காய். சளி, காய்ச்சல், தூக்கம் வராதது எல்லாத்துக்கும் இதுதான். இதுக்குன்னே தனிப் பாத்திரம் வேற: ரெண்டு கைப்பிடி, ஒரு மூடி, கெண்டி மாதிரி ஒரு மூக்கு. மேல மிதக்கிற திரட்டை ஸ்பூனால சாப்பிட்டுட்டு, அடியில நிக்கிற ஒயினை மூக்கு வழியா உறிஞ்சணும். யூசர் இன்டர்ஃபேஸ்னா இதுதான் சாமி! :)

ஷேக்ஸ்பியரோட 'மேக்பெத்'தில் (சுமார் 1606) ராஜாவோட காவலாட்களுக்கு லேடி மேக்பெத் மயக்க மருந்து கலந்து கொடுக்கிறதும் பாஸெட்லதான். படுக்கப் போறப்ப குடிக்கிற பானம், யாருக்குச் சந்தேகம் வரும்?

ஏழை வீட்டுல ஏல் ஊத்தினாங்க. பெரிய இடத்துக் கதையே வேற. கெனெல்ம் டிக்பி என்பவரின் சமையல் குறிப்புகள் அவர் இறந்தபிறகு 1669-ல் புத்தகமா வந்தது. அதுல ஒரு பாஸெட்டுக்கு க்ரீம், ஸ்பெயின் ஒயின், பட்டை, ஜாதிபத்திரி, கூடவே 18 முட்டையோட மஞ்சள் கரு! நோயாளி பிழைச்சாரான்னு கேக்காதீங்க.

சரி, அந்த ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் எங்கிருந்து வந்தது? அப்போ உலகத்துக்கே ஜாதிக்காய் கொடுத்தது, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிற பாண்டா என்ற குட்டித் தீவுக்கூட்டம். மொத்த வியாபாரமும் தனக்கே வேணும்னு 1621-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்ஸூன் கூன் அங்கே படையோட இறங்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடம். வெட்டுப்பட்டவங்க, பட்டினியில செத்தவங்க, அடிமையா கப்பலேத்தப்பட்டவங்க, தப்பி ஓடினவங்க போக, மிஞ்சினது ஆயிரம் பேர் அளவுக்குத்தான். அப்புறம் அதே தோப்புகள்ல வேலை செய்ய வேற ஊர்கள்லேர்ந்து அடிமைகளைக் கொண்டுவந்தாங்க.

காய்ச்சல்ல கிடக்கிற புள்ளைக்கு லண்டன்ல ஒரு அம்மா ஜாதிக்காய் துருவிப் போட்டது அன்புலதான். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஒரு புள்ளையோட காய்ச்சலுக்கான மருந்துல, இன்னொரு ஊரே அழிஞ்ச கதையும் கலந்திருக்கு.

இன்னிக்கு பாஸெட்னா எலுமிச்சையும் க்ரீமும் சேர்த்த, ஜில்லுனு ஒரு இனிப்பு. நோயாளியும் போயாச்சு, ஒயினும் போயாச்சு. அழகான பழைய பாத்திரங்கள் மட்டும் மியூசியத்துல பத்திரமா இருக்கு. அதைப் பாக்க நேர்ந்தா, பாண்டாவையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க மக்களே.