குரைத்து நிறுத்தும் நாய்

இரண்டு ராத்திரியாக ஒரு மானைத் துரத்தினேன், கம்ப்யூட்டரில்தான். 'அன்ரியல் வேர்ல்ட்' என்று ஒரு சர்வைவல் கேம். பின்லாந்துக்காரர் சமி மாரனென் 1992-இல் வெளியிட்டது. இன்னமும் அதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். இரும்புக்காலத்துப் பின்லாந்துதான் களம். காசு கிடையாது, பண்டமாற்றுதான். தோல்களைக் கொடுத்து ஒரு நாய் வாங்கினேன். அது ஓட, வில்லோடு நானும் ஓட, மூச்சு வாங்கி நின்றபோது மானும் இல்லை, நாயும் இல்லை.

தப்பு என்னுடையது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். தாத்தா வைத்திருந்தது கன்னி நாய். கரிசல் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு, சத்தம் போடாமல் விரட்டிக் கவ்வும் சாதி. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை அது. வேட்டை நாய் என்றால் பிடிக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது.

பின்லாந்துக் காட்டில் நாலு பாகம் தள்ளினால் மரம் மறைக்கும். அங்கே எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாய் கண்ணில் படாது. அதனால் அந்த ஊர் நாய்க்குக் குரல்தான் சொத்து. செந்நிறப் பின்னிஷ் ஸ்பிட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஸோ என்ற பெரிய காட்டுக்கோழி மரத்தில் ஏறியதும், நாய் அடியில் நின்று முதலில் மெதுவாகக் குரைக்கும். வாலை ஆட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கும். கோழி தலையைச் சாய்த்து அதையே வேடிக்கை பார்க்கும். பிறகு குரல் ஏறும். வேட்டைக்காரன் காலடியில் சுள்ளி முறியும் சத்தம் அதில் அமுங்கிப்போகும். கோழி பறந்தால் நாயும் பின்னாலேயே போய் மறுபடி தொடங்கும். கலப்பினத்தால் 19-ஆம் நூற்றாண்டில் அழியவிருந்த இந்தச் சாதியை ஹ்யூகோ ரூஸ், ஹ்யூகோ சாண்ட்பெர்க் என்ற இருவர் மீட்டார்கள். 1979 முதல் அதுதான் பின்லாந்தின் தேசிய நாய். குரைப்பதற்கென்றே போட்டி வைத்து 'குரைப்பு ராஜா' பட்டமும் தருகிறார்கள். எங்கள் தெருவில் அந்தத் திறமைக்குக் கல்தான் கிடைக்கும்.

மூஸ் மானை, அவர்கள் பாஷையில் ஹிர்வியை, மடக்குவதும் இதே வழிதான். குதிரை உயரமுள்ள மிருகம். குரைக்கும் நாய்க்குப் பயந்து ஓடாமல் பல நேரம் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த நிற்கும் நேரம்தான் வில்லுக்குக் கிடைக்கும் நேரம். பனிக்காலக் கடைசியில் இன்னும் வசதி: பகலில் இளகிய பனி இரவில் இறுகி மேலே ஓடு கட்டும். பனிச்சறுக்குக் கட்டைக்காரனையும் நாயையும் அது தாங்கும். மானின் குளம்பு மட்டும் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கட்டைகளிலும் ஒரு தந்திரம் இருந்தது. இடது கால் கட்டை நீளம், வழுக்க. வலது குட்டை, அடியில் தோல் வைத்தது, உந்த.

பின்லாந்தின் கலேவலா காவியத்தில் லெம்மின்கைனென் என்ற வீரன் இப்படிக் கட்டை கட்டித்தான் ஹீசி என்ற பூதத்தின் மானைத் துரத்திப் பிடிக்கிறான். பிடித்தவன் பெண் நினைப்பில் மிதந்தான். மான் திமிறி ஓடிவிட்டது. அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அணிலுக்கு மட்டும் மொட்டை அம்பு. தோலில் ஓட்டை விழக்கூடாதே! அந்தத் தோல்தான் ரொக்கம். இன்று அவர்கள் பணத்தைச் சொல்லும் 'ராஹா' என்ற சொல்லுக்கு முதலில் தோல் என்றுதான் பொருள்.

மூன்றாம் ராத்திரி நான் ஓடவில்லை. எங்கோ குரைப்பு கேட்டது, மெல்ல நடந்தேன். மான் நின்றுகொண்டிருந்தது. விட்ட அம்பு குறி தப்பியது. பனியில் அம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நாய் மறுபடி குரைத்தது, இன்னும் கொஞ்சம் தள்ளி.