விழிப்பே முதற்கவசம்

பாய்ந்துவரும் ஏவுகணையிலிருந்து போர்க்கப்பல் எவ்வாறு தப்புகிறது என மாணவர்கள் வினவுவதுண்டு. விடையைப் பினாங்கு வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

1914 செப்டம்பர் 22-இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் நம் துறைமுகத்தினுள் நுழைந்தது. பொய்யான நான்காவது புகைபோக்கி, அதனைப் பிரிட்டிஷ் கப்பலாகக் காட்டியது. அங்கு நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கில் காவல் தளர்ந்திருந்தது. அதன் தலைவர் செர்காசோவ் கரையில் தங்கியிருந்தார். பீரங்கிகள் இருந்தும் பயனில்லை. எம்டனின் குண்டுகளும் இரண்டு டார்பிடோக்களும் கப்பலை மூழ்கடித்தன. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

இக்காலப் போர்க்கப்பல், ஏவுகணையை ராடாரால் கண்டறிகிறது. எதிர் ஏவுகணையால் வானிலேயே தகர்க்க முயல்கிறது. உலோகப் பூச்சுடைய இழைகளைத் தூவிப் பொய்யிலக்குக் காட்டுகிறது. அன்று தாக்கியவன் கையாண்ட மாயம் இன்று தற்காப்போனுக்கும் உதவுகிறது! இவற்றையும் மீறி நெருங்குவதை, நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான குண்டுகளைப் பொழியும் தானியங்கித் துப்பாக்கி எதிர்கொள்கிறது.

ஆயினும், 1987 மே 17-இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் ஸ்டார்க்கை இரண்டு ஈராக்கிய ஏவுகணைகள் தாக்கின. 37 பேர் மாண்டனர். அதன் தானியங்கித் துப்பாக்கி அன்று தானே சுடும் நிலையில் வைக்கப்படவில்லை.

கருவிகள் மாறின, பாடம் மாறவில்லை. பினாங்கு மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் உள்ளது. பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.