ஒரு சம்மர் கேம்ப், ஒரு கையெழுத்து: கேம்ப் ஜெனெட் கதை

சம்மர் கேம்ப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? நீச்சல், கிராஃப்ட் கிளாஸ், எல்லாருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட், கடைசி நாள் ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதானே?

இன்றைக்கு நாம் பேசப்போவதும் ஒரு சம்மர் கேம்ப் பற்றித்தான். ஆனால் அங்கே போய் வந்த பிள்ளைகளில் சிலர், பின்னாளில் ஒரு அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து வாரக்கணக்கில் வெளியே வராமல் உட்கார்ந்து, அமெரிக்க அரசாங்கத்தைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அந்த முகாமின் பெயர் கேம்ப் ஜெனெட். நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைப் பகுதியில், ஹன்டர் என்ற சின்ன ஊரில் இருந்தது. 1951-இல் ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாருமே உடல் குறைபாடு உள்ள பிள்ளைகள், இளைஞர்கள்.

வெளியே இருந்த உலகம்

அந்த முகாம் ஏன் முக்கியம் என்று புரிய, முகாமுக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று முதலில் பார்க்கணும்.

1952-இல் மட்டும் அமெரிக்காவில் 57,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் போலியோ வந்தது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1955-இல்தான். அதற்கு முன்னால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள். சரி, எங்கே போனார்கள்? பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. பஸ்ஸில் ஏற முடியாது, பள்ளிக்கூடத்தில் படிக்கட்டு, நடைபாதையில் சரிவு கிடையாது.

இது கவனக்குறைவால் மட்டும் நடந்ததில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1867-இலும் சிகாகோ 1881-இலும் விதிகளே போட்டிருந்தன. உடல் சிதைந்தவர்கள், 'பார்க்கச் சகிக்காதவர்கள்' பொதுவெளியில் வந்து நிற்கக் கூடாது என்று. சிகாகோ அந்த விதியை நீக்கியது 1974-இல்! நம்ம அப்பா அம்மா காலம்தான் அது. இந்த சான் பிரான்சிஸ்கோவை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கதை திரும்ப அங்கே வரும்.

புரூக்ளினில் ஜூடி ஹ்யூமன் என்று ஒரு பெண் குழந்தை. 1947-இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. ஐந்து வயதில் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். சேர்க்க முடியாது என்கிறார்கள். காரணம்? வீல்சேரில் இருக்கும் பிள்ளை தீ விபத்து நேரத்தில் ஆபத்தாம். பிறகு வீட்டுக்கே ஒரு ஆசிரியரை அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஒரு சினிமா பார்க்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு வாரத்துப் படிப்பு. ஒன்பது வயது வரைக்கும் இப்படித்தான் போனது.

ஜூடி தனி ஆள் இல்லை. 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்காகச் சட்டம் கொண்டுவந்தபோது, பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது.

முகாமுக்குள்ளே

ஜூடி ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஒவ்வொரு கோடையும் ஜெனெட்டுக்குப் போனார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலும் அங்கே இருந்தார்.

அங்கே என்ன விசேஷம்? பெரிய வசதிகள் எதுவும் கிடையாது. மரக் குடில்கள், ஒரு நீச்சல் குளம், ஒரு மைதானம். வீல்சேரில் உட்கார்ந்தபடியே பேஸ்பால் ஆடுவார்கள். கிட்டார் இருக்கும், காதல் இருக்கும், சண்டை இருக்கும். அறுபதுகளின் கடைசியில் லாரி ஆலிசன் போன்றவர்கள் நடத்திய காலத்தில் முகாம் முழுக்க ஹிப்பி வாசம். உதவிக்கு வந்தவர்களில் பலரும் இளைஞர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு அதற்கு முன் பழகியே இராதவர்களும் அதில் உண்டு.

ஜேம்ஸ் லெப்ரெக்ட் முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்தவர். 1971-இல் பதினைந்து வயசுப் பையனாக ஜெனெட்டுக்குப் போனார். அந்தக் கோடையில் ஒரு வீடியோக் குழு முகாமுக்கு வந்து கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2020-இல், லெப்ரெக்ட்டும் நிக்கோல் நியூன்ஹமும் சேர்ந்து 'கிரிப் கேம்ப்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன படம். 'கிரிப்' என்பது அங்கே ஒரு வசைச்சொல். நம்ம ஊரில் 'நொண்டி' என்று கூப்பிடுகிற மாதிரி. வசை வாங்கியவர்களே அந்தச் சொல்லை எடுத்துத் தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பழைய பதிவில் ஒரு காட்சி. மேசையைச் சுற்றி இளைஞர்கள் உட்கார்ந்து பெற்றோர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்பா அம்மா நம்மைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது பற்றி, தனியாக இருக்க விடாதது பற்றி. ஒரு பெண் பேச ஆரம்பிக்கிறார். செரிப்ரல் பால்சி இருப்பதால் அவர் சொல்வது நமக்குச் சட்டென்று புரியாது, நேரமும் எடுக்கும். ஆனால் யாரும் குறுக்கே பேசவில்லை. 'சரி சரி, புரிஞ்சுது' என்று முடித்துவைக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். முடித்ததும் இன்னொருவர், அவர் இதைத்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன் என எடுத்துச் சொல்கிறார்.

இன்னொரு காட்சியில் ஜூடி எல்லாரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயம் என்ன தெரியுமா? சாப்பாட்டுக்கு லசானியா செய்வதா, வேறு ஏதாவதா. சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டில் இவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பதை நினைத்துப் பாருங்க. எல்லார் கருத்தையும் கேட்டு, விவாதித்து, முடிவெடுப்பது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் இங்கே ஆரம்பித்தது.

வெளியே இவர்களுக்குள்ளேயே ஒரு படிநிலை இருந்தது. போலியோ வந்தவர்கள் பார்வைக்கு 'சாதாரணமாக' தெரிவதால் மேலே. செரிப்ரல் பால்சி உள்ளவர்கள் அடியில். ஜெனெட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இரண்டு மாதம் யாரும் முறைத்துப் பார்க்காத இடத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பினால், ஒரு கேள்வி வராமல் இருக்குமா? அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? என் கால் அதே கால்தான். மாறியது இடம் மட்டும்தானே?

தெருவுக்கு வந்தவர்கள்

ஜூடி படித்து ஆசிரியர் ஆக விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தேறியவரை மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தினார்கள். காரணம் பழைய காரணம்தான், தீ விபத்து. 1970-இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் மீது வழக்குப் போட்டார். வழக்கு போய் நின்றது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி முன்னால். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். வாரியம் இறங்கி வந்தது. ஜூடி நகரத்தின் முதல் வீல்சேர் ஆசிரியர் ஆனார். அதே வருஷம் 'டிசேபில்ட் இன் ஆக்‌ஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உள்ளே ஜெனெட் ஆட்கள் நிறையப் பேர்.

1972-இல் அதிபர் நிக்சன் மறுவாழ்வுச் சட்டத்தை நிராகரித்தபோது, இந்தக் கூட்டம் மேடிசன் அவென்யூவில் உட்கார்ந்து போக்குவரத்தையே நிறுத்தியது. 1973-இல் சட்டம் நிறைவேறியது. அதில் பிரிவு 504 என்று ஒரே ஒரு வாக்கியம். மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்த இடமும், ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. பள்ளி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் அதில் அடங்கும். 1964-ஆம் வருஷத்துக் சிவில் உரிமைகள் சட்டத்தின் வாசகத்தை அடியொற்றி எழுதப்பட்டது.

சட்டம் வந்தாயிற்று, ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிமுறைகளில் கையெழுத்து விழவில்லை. நிக்சன் போனார், ஃபோர்டு போனார், கார்ட்டர் வந்தார். துறை அமைச்சர் ஜோசப் கலிஃபானோ, இன்னும் கொஞ்சம் திருத்தணும் என்றார். நாலு வருஷம் ஓடிவிட்டது.

சான் பிரான்சிஸ்கோ, 1977

ஏப்ரல் 5, 1977. பல நகரங்களில் போராட்டம். சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 150 பேர் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆமாம், 'பார்க்கச் சகிக்காதவர்கள் தெருவுக்கு வராதே' என்று விதி போட்ட அதே ஊர்.

இதை ஒரு சாதாரண உள்ளிருப்புப் போராட்டம் மாதிரி நினைக்காதீங்க. ராத்திரி தன்னால் புரண்டு படுக்க முடியாதவர்கள் உள்ளே இருந்தார்கள். சிறுநீர்க் குழாய் மாற்ற ஆள் வேண்டியவர்கள், ஊட்டிவிட ஆள் வேண்டியவர்கள் இருந்தார்கள். உதவியாளர்கள் போதவில்லை. அப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை இருப்பவர் கை இல்லாதவருக்கு ஊட்டினார். கண் தெரியாதவர் வீல்சேரைத் தள்ள, வீல்சேரில் இருப்பவர் வழி சொன்னார். ஜெனெட்டில் கோடைக்குக் கோடை பழகிய விஷயம் இது. கூச்சமும் அங்கேயே போய்விட்டது.

கட்டடத்தின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள்! பிளாக் பேந்தர் கட்சி தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தது. அந்தக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் என்ற வீல்சேர்க்காரரும் உள்ளே இருந்தார். நகர மேயர் ஜார்ஜ் மொஸ்கோனே மெத்தைகள் அனுப்பினார்.

கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்ற விசாரணை ஒன்று நடந்தது. ஜூடி பேசும்போது, எதிரே இருந்த அரசு அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் என்ன பேசுகிறோம் என்று உங்களுக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்றார் ஜூடி. குரல் உடைந்திருந்தது.

ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்துப் போட்டார், ஒரு திருத்தமும் இல்லாமல். 30-ஆம் தேதி எல்லாரும் வெளியே வந்தார்கள். 1990-இல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் இந்தக் கையெழுத்தின் மீது கட்டியதுதான்.

முகாம் என்ன ஆச்சு?

அதே 1977-இல் கேம்ப் ஜெனெட் பணமில்லாமல் மூடப்பட்டது. பின்னர் வேறு ஊரில், வேறு நிர்வாகத்தில் திறந்து, 2009-இல் அதுவும் நின்றுபோனது.

ஒரு முகாம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டால் கதை அழகா முடியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. போராட்டத்தின் முக்கியத் திட்டக்காரரான கிட்டி கோன் ஜெனெட் பக்கமே போகாதவர். எட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் பெர்க்லியில் 1972-இலேயே சுதந்திரமாக வாழ்வதற்கான மையத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஜூடியும் ஜெனெட் நண்பர்கள் சிலரும் போய்ச் சேர்ந்தது அங்கேதான். முகாம் கொடுத்தது வேறு ஒன்று. இப்படியும் வாழலாம் என்று பார்த்த அனுபவம். கூடவே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பினாலும் உதவிக்கு வருகிற நண்பர்கள்.

இன்றைக்கும் இப்படிப்பட்ட முகாம்களுக்கு நிதி கேட்கும்போது 'பாவம், பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம்' என்றுதான் கேட்கிறார்கள். சந்தோஷம் தேவைதான். ஆனால் தர்மமாகக் கொடுத்தது பணம் தீர்ந்தால் நின்றுவிடும், ஜெனெட்டே சாட்சி. உரிமையாக வாங்கியது அவ்வளவு சுலபமாக நிற்காது. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் முகாமோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 504 விதிமுறைகளில் ஒரு கருத்து இருந்தது. ஒருவருக்கு ஏற்றமாதிரி நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுப்பது சலுகை அல்ல, கடமை. 2006-இல் ஐ.நா. உடன்படிக்கையில் அந்தக் கருத்து இடம்பெற்றது. இந்தியா அதை 2007-இல் ஏற்று, 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எழுதியது. சட்டம் நம்மிடமும் இருக்கிறது.

ஜூடி ஹ்யூமன் 2023 மார்ச்சில் காலமானார். ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. பார்க்கக் கிடைத்தால் பாருங்க. பார்த்துவிட்டு உங்க காலேஜிலோ ஆபீஸிலோ அடுத்து ட்ரெக்கிங், கேம்ப் என்று பிளான் போடும்போது, பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. யார் பெயர் இல்லை? 'அவங்களால வர முடியாது'ன்னு நாமே முடிவு பண்ணிட்டோமா, இல்லை அவங்ககிட்ட கேட்டோமா?