சேது வழியும் வழிநடை அறமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றின் பெருமையையும் நம் முன்னோர் விரிவாக உரைத்துச் சென்றனர். அம்மூன்றிடத்தும் அடியவனைக் கொண்டு சேர்க்கும் வழியின் பெருமையோ அத்துணை பேசப்படுவதில்லை. கோபுரம் எழுப்பியோர் பெயரைக் கல்வெட்டுக் காத்து நிற்கின்றது. அக்கோபுரத்தை நாடி நெடுந்தொலைவு நடந்தோரைக் காத்தவை நிழல்மரங்களும், கிணறுகளும், குளங்களும், சத்திரங்களுமே ஆகும். அவற்றின் வரலாறு, பாதயாத்திரை மேற்கொள்ளும் அன்பர்க்கும், அவர்க்கு உதவ விழையும் கொடையாளர்க்கும் ஒருங்கே பயன் தருவது.

பாரத நாட்டு யாத்திரைகளுள் காசி இராமேசுவர யாத்திரை தலைசிறந்தது. சேதுவில் நீராடி, அங்கு எடுத்த மணலைப் பிரயாகையில் முக்கூடலில் இட்டு, கங்கை நீரை முகந்து வந்து இராமநாதப் பெருமானுக்குத் திருமுழுக்காட்டினால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. இருப்புப்பாதை இல்லாத நாளில் இதற்குப் பல மாதங்கள் ஆயின. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக விளங்கிய ஏனுகுல வீராசாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் சென்னையினின்றும் காசிக்குப் புறப்பட்டார். 1831ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3ஆம் நாள் திரும்பினார். ஏறக்குறைய நூறு பேர் உடன்வர, பல்லக்கில் சென்றவர்க்கே பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயின எனில், மூட்டையைத் தோளில் சுமந்து தனித்து நடந்த ஏழை அடியவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? வீராசாமி தம் பயணத்தைத் தெலுங்கில் எழுதி வைத்தார். அது 1838இல் அச்சேறியது. எவ்வூருக்கு எவ்வளவு தொலைவு, எங்கு நல்ல நீர் உண்டு, எங்குப் பண்டங்கள் கிடைக்கும் என்றெல்லாம் பின்வருவோர்க்கு உதவும் வண்ணம் அவர் குறித்துள்ளார். வழியை அறிந்து புறப்படுதலே யாத்திரையின் முதற்படி என்பதற்கு அந்நூல் சான்று.

வடநாட்டிலிருந்து வருவோர் சோழ நாட்டைக் கடந்து சேதுவை அணுகிய சாலையில்தான் வழிநடை அறத்தின் சிறப்பினைத் தெளிவாகக் காணலாம். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றார். சேதுவின் காவலர் எனப் பெயர் பூண்ட இராமநாதபுரம் சேதுபதிகள் யாத்திரிகரைப் பேணுதலைத் தம் குலக்கடனாகவே கொண்டனர். தஞ்சை மராட்டிய மன்னர்களோ தம் குடும்பத்துப் பெண்மணிகளின் பெயரால் நெடுகச் சத்திரங்கள் கட்டினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், இராசாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேற்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் இராஜகுமாராம்பாள் சத்திரம் என அவை விளங்கின. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் நினைவாக 1802இல் அமைத்த சத்திரம் யாவற்றினும் எழில் மிக்கது. சேதுபாவாசத்திரம் போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அவ்வறத்தை நினைவூட்டுகின்றன.

இவை நின்ற இடங்களை நோக்குமின். தஞ்சையினின்றும் ஒரத்தநாடு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறத்தாழ அத்தொலைவே. அதற்கு அப்பால் இராசாமடம் அதனினும் சற்றுக் குறைவு. அதாவது, நடப்பவன் ஒரு நாளில் தளராது கடக்கும் தொலைவே இது. கடற்கரை ஓரத்தில் ஊற்று நீர் உவர்க்கும். அங்குதான் குளமும் கிணறும் உடைய சத்திரம் மிகவும் வேண்டற்பாலது. கொடுப்போன் வாழும் இடத்தை நோக்கி அறம் அமையவில்லை. நடப்போன் கால் ஓயும் இடத்தை நோக்கியே அமைந்தது. சேது வழி கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அரசு இழந்த சரபோஜி மன்னர், 1801ஆம் ஆண்டில் தஞ்சை ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் விடுத்தார். படையையோ பட்டத்தையோ அதில் அவர் வேண்டினாரல்லர். சத்திரங்களின் பொறுப்புத் தம்மிடமே இருத்தல் வேண்டும் என்றே வேண்டினார். அங்கு நிகழ்ந்த தொண்டுகளையும் விரித்துரைத்தார். எல்லா வகுப்பினர்க்கும் அன்னம் இடப்பட்டது. நோயுற்றார்க்கு மருத்துவர் இருந்தனர். நச்சுக்கடிக்கும் மருந்து இருந்தது. கருவுற்ற மகளிர் பேணப்பட்டனர். பெற்றோரை இழந்த சிறாரை ஆசிரியர் ஏற்றனர். வழியில் உயிர் நீத்தோர்க்கு இறுதிக்கடன் செய்யப்பட்டது. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாது உறங்குவோர் எவரேனும் உளரோ என அழைத்து உணவிட்டனர் என்பதும் அக்கடிதத்தால் அறியப்படும். முன்னே வந்தவனுக்கு இடுதல் எளிது. பின்தங்கித் தளர்ந்து வருபவனுக்காக அடித்த அந்த மணியே அறத்தின் உயிர்நாடி.

நடந்தோரும் தமக்கென ஒரு நெறி கொண்டிருந்தனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரையோரச் சாலை சேறாகும், கடலும் கொந்தளிக்கும். ஆதலின் மழை ஓய்ந்தபின் நடந்து தை அமாவாசைக்குச் சேதுவை அடைதல் உடலுக்கு உகந்தது. வைகறையில் எழுந்து, வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை நடந்து, நண்பகலில் நிழலில் தங்கினர். சுமையைக் குறைத்தனர், கெடாத கட்டுச்சோறும், நீர்ச்செம்பும், ஊன்றுகோலும் கொண்டனர். யாத்திரைக் கூட்டங்களில் வாந்திபேதி பெரும் உயிர்க்கொலை செய்த காலம் அது. காய்ச்சிய நீரின் அருமை அக்காலத்துத் துன்பத்தால் உலகம் உணர்ந்த உண்மையாம்.

1914இல் பாம்பன் இருப்புப்பாலம் திறக்கப்பட்டது. 1988இல் சாலைப்பாலமும் அமைந்தது. சேது வழியில் நடப்போர் குறைந்தனர். சத்திரங்கள் சில மாணவர் விடுதிகளாயின, சில பாழடைந்தன. ஆயினும் நடை வழிபாடு மறையவில்லை. தைப்பூசத்திற்குப் பழனிக்கும், இன்னும் பல தலங்களுக்கும் பல்லாயிரவர் இன்றும் நடக்கின்றனர்.

அவர்க்குப் பழைய நெறியே இன்றும் துணை. புறப்படுமுன் சில வாரங்கள் நாள்தோறும் நடந்து காலைப் பழக்குதல் வேண்டும். முதல் நாளிலேயே விரைந்து நடந்து, மறுநாள் கொப்புளத்தோடு வருந்துதல் ஆகாது. கூட்டத்தின் வேகத்தை வலியோன் அன்று, மெலியோனே வகுத்தல் வேண்டும். காய்ச்சி ஆறிய நீரைச் சிறுகச் சிறுகப் பருகி, வியர்வையோடு கழியும் உப்பையும் ஈடு செய்தல் வேண்டும். சர்க்கரை நோயுடையோர் வெறுங்காலுடன் நெடுந்தொலைவு நடக்குமுன் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று. பண்டைச் சாலையில் இல்லாத பேரிடர் இன்று ஊர்திகளாம். சாலையின் வலப்புறம், எதிர்வரும் வண்டி கண்ணிற்படும் வண்ணம் வரிசையாக நடத்தலும், இருளில் நடக்க நேரின் வண்டி வெளிச்சத்தில் மின்னும் பட்டையை ஆடையிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளுதலும் உயிர்க்காவல்.

கொடையாளர்க்கும் சேது வழி ஒன்று உரைக்கின்றது. ஊரின் முகப்பில் பத்துப் பந்தல்கள் நெருங்கி நிற்க, அடுத்த பத்து மைலுக்கு ஒரு குவளை நீரும் இல்லையெனில், அங்கு அறம் மிகுந்தும் பயன் குறைகின்றது. ஆதலின் ஒருவரோடொருவர் கலந்து, இடைவெளி எங்குளது எனக் கண்டு, அங்கே நீரும், நிழலும், மருந்தும், மகளிர்க்கு மறைவிடமும் அமைத்தல் சாலச் சிறந்தது. உண்டபின் எறியப்படும் இலையும் குவளையும் வழியை மாசுபடுத்தாமல் அகற்றுவதும் அத்தொண்டின் பகுதியே.

திருக்குடமுழுக்கால் கோபுரக் கலசம் புத்தொளி பெறுகின்றது. அக்கலசத்தைத் தொலைவில் கண்டு கைகுவிக்கும் அடியவன், அவ்விடம் வரை நலமாக வந்து சேர்ந்தான் எனில் அதுவும் ஒரு குடமுழுக்கே. நடப்போர் கால்கள் வாழ்க! அவர்க்கு வழியமைப்போர் கைகள் வாழ்க!